எசனிலிருந்து ஒரு நேயர்

கிறிஸ்தோப்பருக்கு ஸ்பீட்வே என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவன் பெயரைக் கேட்டதும் இந்தத் தம்பித்துரை ஏன் பல்லை நறநறவென்று கடிக்கிறான் என்று யாரும் கேட்கக்கூடாது.

ஜெர்மனிக்கு வந்த புதிதில் நாங்கள் இருவரும் ஒரே அகதி முகாமில், ஒரே அறையில், மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலுமாகக் கிடந்தவர்கள். முகாமுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கென்று மணல் பாதை ஒன்று இருந்தது. என்ஜின் சத்தம் கேட்டால் நான் வேலிக்கு ஓடிவிடுவேன். கிறிஸ்தோப்பர் தலையணையைக் காதில் அமத்திக்கொண்டு, "அண்ணை, ஓடுறவங்களுக்கும் விசர், பாக்கிற உங்களுக்கும் விசர்" என்பான். அந்த மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் இல்லை என்று சொன்னபோது அவன் நம்பவேயில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

உண்மையிலேயே பிரேக் இல்லை. ஒரே ஒரு கியர். நான்கு பேர், நான்கு சுற்று, ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். எப்போதும் இடது பக்கமாகத்தான் திரும்புவார்கள். பின்சில்லு வெளியே வழுக்கிக்கொண்டு போகும், ஓட்டுகிறவன் இடக்காலை நிலத்தில் தேய்த்தபடி அதைப் பிடித்து நிறுத்துவான். முதலாம் வளைவில் நான்கு பேரும் ஒன்றாக நுழையும்போது எனக்கு மூச்சே வராது.

பிறகு நான் ஹம் நகருக்கு வந்து கம்பி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு ஜெர்மன்காரன் இங்கிலாந்துப் போட்டிகளின் வீடியோ கசெட்டுகளைத் தந்தான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இங்கிலாந்தில் நாய்களை ஓடவிடுகிற திடல்களுக்குள்ளேதான் இவர்களையும் ஓடவிடுவார்கள். சின்னப் பாதை, கைக்கெட்டும் தூரத்தில் வேலி, பாதி நாள் மழை. பார்க்க வருகிறவன் பேனாவோடு வந்து ஒவ்வொரு ஓட்டத்தின் புள்ளியையும் தானே எழுதுவான். ஓட்டக்காரர்களோ இன்றைக்கு இங்கிலாந்து, நாளைக்குச் சுவீடன், ஞாயிற்றுக்கிழமை போலந்து என்று வான் வண்டிக்குள்ளேயே படுத்து எழும்புகிறவர்கள். என் கருத்தைக் கேட்டால், இங்கிலாந்துச் சேற்றில் ஓடி வென்றவன் உலகத்தில் எந்தத் திடலிலும் வெல்வான். போலந்துக்காரன் வந்து மறுத்தாலும் நான் விடமாட்டேன்.

ஆனால் யார் கேட்டார்கள் என் கருத்தை? என் மனைவி சுந்தரேஸ்வரி முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறாள். நான் கசெட்டைப் போட்டதும் எழும்பிப் போய் வெங்காயம் உரிப்பாள். நான் இங்கிருந்து, "பாரும், பாரும், உள்ளால வெட்டிறான்!" என்று கத்துவேன். "சில்லுச் சுத்துறதைப் பாக்க எனக்கு வாசிங் மெசின் இருக்கு" என்று அங்கிருந்து பதில் வரும். உலகத்தில் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான். ஒரு நாளாவது அவள் என் பக்கத்தில் இருந்து, 'அது ஏன் அப்பிடி?' என்று ஒரு கேள்வி கேட்கவேண்டும். எத்தனையோ வருடமாக எனக்கு இருக்கும் ஆசை இவ்வளவுதான். இது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

இப்போது கிறிஸ்தோப்பரிடம் வருவோம். டொச் பாஸ்போட், அதாவது ஜெர்மன் கடவுச்சீட்டு, கையில் கிடைத்ததும் எங்கள் சனத்தில் பாதி, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பென்று இங்கிலாந்துக்குப் பெட்டி கட்டியது. கிறிஸ்தோப்பரும் போனான். போனவன் லண்டனில் மற்றவர்களோடு இருந்திருக்கலாம் அல்லவா? இல்லை. அவன் வீடெடுத்த ஊரில் ஒரு ஸ்பீட்வே திடல் இருந்தது. வீட்டிலிருந்து நடந்து போகலாமாம். என்னிடம் இருந்ததோ நீல மட்டை போட்ட அகதிப் பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு விசாக் கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். தலையணையைக் காதில் அமத்தியவன் திடலுக்குள், வேலியைப் பிடித்துப் பார்த்தவன் இன்னும் வேலிக்கு வெளியே. இது எந்த ஊர் நியாயம்?

முதல் கோடையிலேயே ஒரு படம் அனுப்பினான். ஓட்டக்காரன் ஒருவனின் தோளில் கை போட்டபடி நிற்கிறான். அந்த ஊர் ஸ்பீட்வே கழகத்தின் ஜக்கெற் வேறு. படத்தின் பின்னால், 'அண்ணை, நீங்கள் சொன்னதெல்லாம் உண்மைதான்' என்று எழுதியிருந்தான். நான் அந்தப் படத்தைச் சுந்தரேஸ்வரியிடம் காட்டாமல் மேசை லாச்சிக்குள் கவிழ்த்து வைத்தேன். அவள் எப்படியோ எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி நல்லா நிறம் வந்திட்டார்" என்றாள்.

அதுவும் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஒரு சனிக்கிழமை எனக்கு ஆலையில் வேலை இல்லை. ஸ்டேசனுக்குப் பக்கத்தில் யோகம் அக்காவின் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். ஊருக்கு ரெலிபோன் எடுக்கிற பெட்டிகள் இரண்டும் அந்தக் கடைக்குள்தான் இருக்கின்றன. அக்கா எந்த நேரமும் லண்டன் தமிழ் வானொலியைப் போட்டு வைத்திருப்பார். ஐரோப்பா முழுவதும் கேட்கும் வானொலி அது. நேயர்களும் ரெலிபோனில் கேள்வி கேட்கிற விளையாட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது. முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த என் காதில் கிறிஸ்தோப்பரின் குரல் விழுந்தது.

"அன்பான நேயர்களே! ஸ்பீட்வே ஓட்டக்காரரின் வலது மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதன் மறு நுனி என்ஜினில் இருக்கும். அவர் விழுந்தால் கயிறு கழன்று என்ஜின் அந்தக் கணமே நின்றுவிடும். இல்லையென்றால் சில்லு சுற்றிச் சுற்றி ஆளையே கிழித்துவிடும். இதை நான் காப்பு என்றுதான் சொல்லுவேன்!"

நான் சொல்லுவேனாம்! அந்தச் சொல் என்னுடையது. இங்கே ஹம்மில் இருக்கும் ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவில் நேர்த்திக்காக வலக்கையில் காப்புக் கட்டிக்கொண்டு நான் கால்வாய்க் கரையில் நின்றபோது இவனும் பக்கத்தில் நின்றான், வேதக்காரப் பெடியன், தேருக்குப் பின்னால் கடலை வாங்கித் தின்னவென்று வந்தவன். என் மணிக்கட்டைக் காட்டி, "இதென்னண்ணை?" என்று கேட்டான். "ஸ்பீட்வேக்காரனும் இப்பிடித்தான் கட்டுவான். ரண்டும் காப்புத்தான், விழுந்தா ஆளைக் காக்கும்" என்று நான் சொன்னேன். அதை அப்படியே மடியில் கட்டிக்கொண்டு போய் ஐரோப்பா முழுவதற்கும் விற்றுக்கொண்டிருக்கிறான். அறிவிப்பாளர்ப் பெண் அங்கே, "அடடா, என்ன அழகான சொல்!" என்று உருகுகிறாள். முறித்த முருங்கைக்காயை அக்காவின் கூடைக்குள்ளேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் கிழமை முழுவதும் கம்பி ஆலையில் என் வேலை மெசினோடு அல்ல, கிறிஸ்தோப்பரோடுதான். அடுத்த சனிக்கிழமை வானொலிக்கு நேயராக ரெலிபோன் எடுப்பது, சொந்தப் பெயரைச் சொல்வது, முழு ஐரோப்பாவும் கேட்க அவனுடைய முகமூடியைக் கழற்றுவது. இதுதான் திட்டம். என்ன பேசவேண்டும் என்று பாடமாக்கினேன். 'கிறிஸ்தோப்பர் அவர்களே, அந்தச் சொல்லை உங்களுக்கு யார் தந்தது?' என்று தொடங்கவேண்டும். அவன் ஊமையாகவேண்டும். இரண்டாவதாகக் காற்று வேலி. மரப்பலகை வேலிக்கு முன்னால் காற்றடித்த மெத்தைகளை அடுக்குவதைத்தான் அப்படிச் சொல்கிறேன். இங்கிலாந்தில் சில திடல்களில் அப்போது வைத்திருந்தார்கள், பல திடல்களில் இல்லை. மெத்தை இருக்கிறது என்று தெரிந்தால் ஓட்டக்காரன் கண்ணை மூடிக்கொண்டு பாய்வான், பயம்தான் அவனுக்கு நல்ல வேலி என்பது என் நெடுநாள் கருத்து. அதையும் சொல்லி அவனை ஒரு வழி பண்ணுவதாக இருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. சுந்தரேஸ்வரிக்கும் வேலை இல்லாத நாள். "யோகம் அக்காட்டை மீன் வந்திருக்காம், வாங்கியாறன்" என்றேன்.

"ஆறுதலா வாங்கோ. மீன்ரை பூவைத் திறந்து, செவுள் சிவப்போ எண்டு பாத்து வாங்கோ. அவசரமில்லை" என்றாள். என்றைக்கும் இல்லாத கரிசனை. நான் அதைக் கவனித்திருக்கவேண்டும்.

கடைக்குப் போய் மீனைக்கூடப் பார்க்காமல் ரெலிபோன் பெட்டிக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். லண்டன் இலக்கத்தை அழுத்தினேன். அடித்து அடித்து ஒருவாறு எடுத்தார்கள். "லைனில் நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் ஒரு நேயர் இருக்கிறார். முதலில் வானொலிச் சத்தத்தைக் குறையுங்கள்" என்றாள் ஒருத்தி. நான் கண்ணாடியில் தட்டிக் கையால் காட்ட, யோகம் அக்கா வானொலியைக் குறைத்தார். நிகழ்ச்சி இப்போது எனக்கு ரெலிபோனுக்குள்ளாலேயே கேட்டது.

கிறிஸ்தோப்பர் காற்று வேலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு கிழமைக்கு முன்னால் அவன் கண்ணெதிரே ஒருவன் பலகையில் போய் மோதினானாம். அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறதாம். எல்லாத் திடலிலும் காற்று வேலி கட்டாயம் வேண்டுமாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு என் முறைக்காகக் காத்திருந்தேன். அப்போது அறிவிப்பாளர், "அடுத்து ஜெர்மனி, ஹம் நகரிலிருந்து எங்கள் நிரந்தர நேயர் சுந்தரேஸ்வரி. வணக்கம் அம்மா!" என்றாள்.

ஹம்மில் எத்தனை சுந்தரேஸ்வரி இருக்க முடியும் என்று ஒரு கணம் மனதுக்குள் தேடினேன்.

"வணக்கம். கிறிஸ்தோப்பர் அவர்களே, உங்கள் விளக்கங்களை நான் தவறாமல் கேட்டு வருகிறேன்" என்றது என் மனைவியின் குரல்.

தவறாமல்! நான் ஆலையில் கம்பி இழுக்கிற சனிக்கிழமைகளில் எல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. இவள் எடுத்திருக்கிறாள், அவன் பதில் சொல்லியிருக்கிறான், எனக்கு இரண்டு பேரும் மூச்சுக் காட்டவில்லை. "அக்கா, எப்படிச் சுகம்?" என்று அவன் குழைந்தான். "இந்த விளையாட்டு எனக்கு முந்தி ஒண்டும் விளங்காது. நீங்கள் சொன்னாப் பிறகுதான் விளங்கினது, தம்பி. அந்தக் காப்பைப் பற்றிச் சொன்னது சரியான வடிவு" என்றாள் அவள். வானொலித் தமிழ் இரண்டு வசனத்தோடு அவளை விட்டுப் போய்விட்டது. என் சொல்லை என் மனைவி என்னிடம் கேட்காமல் அவனிடம் கேட்டு வாங்கி, வடிவென்று புகழ்கிறாள். ரெலிபோனை அந்தப் பெட்டிக் கண்ணாடியில் ஓங்கி அடிக்கலாம் போலிருந்தது. அவ்வளவு எரிந்தது எனக்கு.

பிறகு அவள் கேட்டாள். "ஒரு கேள்வி, தம்பி. நான் வேலை செய்யிற இடத்தில விழுந்து எழும்பேலாத ஆக்களைத்தான் ஒவ்வொரு நாளும் தூக்கிறனான். இந்தப் பிள்ளையள் பிரேக்கும் இல்லாமல் ஓடுதுகள். தாய்மார் எப்பிடி அதைப் பாத்துக்கொண்டு இருப்பினம்? விழுந்தா அதுகளைக் காக்க என்ன இருக்கு? அந்தக் காப்பு மட்டும்தானோ?"

கேட்டுவிட்டாள். இத்தனை வருடமாக நான் காத்திருந்த கேள்வி. ஆனால் அவனிடம்.

கிறிஸ்தோப்பர் தடுமாறினான். "நல்ல கேள்வி, அக்கா. அது வந்து... ஹெல்மெட் இருக்குது. மற்றப்படி கடவுள் விட்ட வழிதான்" என்றான். கடவுள் விட்ட வழியாம்! என் மனைவி கேட்ட கேள்விக்கு இதுவா பதில்? அவள், "ஓம், அது சரி" என்று மெல்லச் சொன்னாள். அவளுக்கு அது போதவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒப்புக்குச் சரி என்று சொல்லும்போது அவளுடைய குரல் அப்படித்தான் கீழே போகும்.

"அடுத்த நேயர், ஜெர்மனியிலிருந்து. வணக்கம், உங்கள் பெயர்?"

தம்பித்துரை என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் வீட்டில் அவள் கேட்பாள். மீன் வாங்கப் போன மனிசன் ஒட்டுக்கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான் என்று ஆகிவிடும். "சிற்றம்பலம். எசன் நகரிலிருந்து" என்றேன்.

அந்தப் பக்கம் கிறிஸ்தோப்பர் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. அவனுக்கு என் குரல் தெரியாதா? ஒரே அறையில் கிடந்தவன். நான் பாடமாக்கியதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அந்த நேரத்தில் அவனை உரிப்பதைவிட அவளுக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதே பெரிதாக இருந்தது. "முன்னர் பேசிய சகோதரியின் வினாவுக்கு விடை சொல்ல விரும்புகிறேன்" என்றேன். அவளை நான் சகோதரி என்றது பிறகுதான் உறைத்தது.

காலிலிருந்து தொடங்கினேன். "சகோதரி, அந்தப் பிள்ளைகளின் இடது சப்பாத்துக்குக் கீழே இரும்புத் தகடு ஒன்று பூட்டியிருக்கும். இடக்கால்தான் நிலத்தில் வழுக்குவது. தகடு இல்லையென்றால் கால் மண்ணில் சிக்கி முறியும். உடம்புக்கு அந்தக் காலத்தில் தோல் உடுப்பு, இப்போது கெவ்லார் என்னும் துணி, உராய்ந்தாலும் லேசில் கிழியாது. அதற்குள்ளே முதுகெலும்பை மூடி ஆமை ஓடு போல ஒரு கவசம். கண்ணுக்குப் போடும் கண்ணாடியின் மேல் ஊடே பார்க்கக்கூடிய மெல்லிய தாள்கள் அடுக்காக ஒட்டியிருக்கும். சேறு அடித்தால் ஒன்றை இழுத்து எறிவார்கள், பார்வை திரும்பிவிடும். பின்சில்லுக்குப் பின்னால் ஒரு தடுப்பு, பின்னால் வருகிற பிள்ளையின் முகத்தில் கல் அடிக்காமல் இருப்பதற்கு. மணிக்கட்டில் காப்பு."

மூச்சு வாங்கிக்கொண்டேன். இனிக் காற்று வேலி. பயம்தான் நல்ல வேலி என்று தாய்மாரைப் பற்றிக் கேட்டவளிடம் எப்படிச் சொல்வது? "அதற்கும் மேலே காற்று வேலி. தம்பி கிறிஸ்தோப்பர் சொன்னது சரி. அது எல்லாத் திடலிலும் வேண்டும். இவ்வளவு இருந்தும் பயம் போகாது, சகோதரி. போகவும் கூடாது. ஆனால் அந்தப் பிள்ளையை யாரும் சும்மா கைவிட்டு ஓடவிடவில்லை. அது அந்தத் தாய்மாருக்கும் தெரியும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஒரு இடத்திலும் நான் கத்தவில்லை.

"மிக அருமை!" என்றாள் அறிவிப்பாளர். "கிறிஸ்தோப்பர் தந்த காப்பு என்ற சொல்லை எசன் நேயரும் எவ்வளவு அழகாகப் பயன்படுத்துகிறார், பார்த்தீர்களா!"

கிறிஸ்தோப்பர் இருமினான். "சிற்றம்பலம் அண்ணைக்கு என்னைவிடக் கூடத் தெரியும்" என்றான். அவன் சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. அப்போதும் 'அந்தச் சொல் அவருடையது' என்று அவன் வாயிலிருந்து வரவில்லை, பாருங்கள். லைன் அறுந்தது.

பெட்டியை விட்டு வெளியே வந்தபோது என் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. யோகம் அக்கா, "ஊரில ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, கையில் அகப்பட்ட விளைமீன் இரண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சாப்பாடு முடிய உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியில் முடிவு செய்தேன். அவள் எப்படி வாயைப் பிளப்பாள் என்று நினைக்கவே எனக்குச் சிரிப்பு வந்தது. கிறிஸ்தோப்பர் செத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சுந்தரேஸ்வரி மீனைப் பொரித்து, சொதியும் வைத்து, எனக்கு முன்னால் வந்து இருந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். "இண்டைக்கு ரேடியோவில ஒரு மனிசன் கதைச்சவர், எசன் ஆள், சிற்றம்பலமோ என்னவோ பேர். உங்கடை மோட்டச் சைக்கிள் விளையாட்டைப் பற்றித்தான். என்ன பொறுமையான விளக்கம்! கிறிஸ்தோப்பர் தம்பியெல்லாம் அவரிட்டைப் பிச்சை வாங்கவேணும்."

கடைசி வசனம் தேன் வார்த்தது. இதுதான் நேரம். நான் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "அப்பிடி என்ன சொன்னவன்? இடக்கால் சப்பாத்துக்கு இரும்புத் தகடு பூட்டிறதைப் பற்றியோ? அது மண்ணில கால் சிக்காமல் இருக்க! எத்தினை தரம் சொல்லியிருக்கிறன் உமக்கு!" என்றேன்.

"பாத்தியளே, கத்திறியள்" என்றாள் அவள். "நீங்கள் சொன்னா எனக்கு ஒண்டும் ஏறுதில்லை. அந்தாள் சகோதரி, சகோதரி எண்டு எவ்வளவு மரியாதையாச் சொல்லுது. நான் கேட்டதை வடிவாக் கேட்டு, கேட்டதுக்குப் பதில் சொல்லிச்சுது." சொதியை என் சோற்றில் விட்டாள். "அந்த மனிசனின்ரை பெண்சாதி குடுத்து வைச்சவ."

'அது நான்தான்' என்ற இரண்டு சொல் என் வாய்க்குள் கிடந்து உருண்டது. சொன்னால் இவள் நம்பமாட்டாள். நம்பினாலும், எசனிலிருந்து பேசிய அந்தப் பொறுமையான மனிசன் இந்த மேசையில் இல்லை என்பதை அவள் ஏற்கெனவே கண்டுகொண்டாள். கிறிஸ்தோப்பரை நான் மறந்தே போனேன். அவன் மேல் இத்தனை வருடம் பட்ட பொறாமை எல்லாம் ஒன்றுமில்லை. அந்தச் சிற்றம்பலத்தை மட்டும் என் கையில் பிடித்துத் தந்தால் பலகை வேலிக்கு மேலால் தூக்கி எறிந்திருப்பேன்.

"ஓம்" என்றேன். "குடுத்து வைச்சவதான்."